அடுப்பைத் தூக்கிப் போனவள்

ஸ்பார்டன்பர்க், தென் கரோலினா
4 செப்டம்பர் 1991

வெர்டெலுக்கு,

எல்பர்ட் ரக்கர் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நாற்பத்தொரு வருஷத்தில் அது கொஞ்சமும் திருந்தவில்லை. உன்னை நீ என்று எழுதலாமா கூடாதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது. பொறுத்துக்கொள்.

போன வாரம் ஒஹையோவில் காலவே என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே நாட்டுப்புற இசை அன்பர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறதாம். அக்டோபர் 26, சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஊர் நூலகத்துக் கூடத்தில் நான் வந்து பாட வேண்டுமாம். எனக்கு மைக் வேண்டாம், கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று போதும் என்று எல்லா இடத்திலும் சொல்வேன். அதைக்கூட விசாரித்து வைத்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். கீழே கையொப்பம்: மார்வா ஹாஸ்கின்ஸ், செயலாளர்.

காலவே என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அல்லவா. அடுத்த பத்தியில் அந்தப் பெண் எழுதுகிறாள்: "வெளியூரிலிருந்து வருகிறவர்களை நாங்கள் விடுதியில் தங்க வைப்பதில்லை. எங்கள் வீட்டிலேயே தங்கலாம். அம்மாவின் தையல் அறையில் கட்டில் இருக்கிறது. அம்மாவும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். பன்றி எலும்பு போட்டுக் கீரை வேகவைத்தால் தெருவே மணக்கும். பெத்தேல் ஆலயப் பாடகர் குழுவில் முப்பது வருஷமாகப் பாடுகிறார். பெயர் வெர்டெல். ஆமாம், உங்கள் பாட்டில் வரும் அதே பெயர்! பார்த்தால் சிரிப்பீர்கள்."

நான் சிரிக்கவில்லை, வெர்டெல். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முற்றத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. அதனால்தான் வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் ஆலயத்து விலாசத்துக்கு எழுதுகிறேன். நீ வேண்டாம் என்றால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். எழுபத்தொரு வயதுக்காரன் அப்படிச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் வர ஆசையாக இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

எல்பர்ட்


காலவே, ஒஹையோ
11 செப்டம்பர் 1991

திரு. எல்பர்ட் ரக்கர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் தோழி ஒடெஸ்ஸா அதைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டே வந்தாள். "ஏய் வெர்டெல், தென் கரோலினாவுல உனக்கு யாருடீ? ஆம்பிளை கையெழுத்து!" பாடகர் குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "என் பழைய சபைலேர்ந்து" என்று சொன்னேன். ஆலய வாசலில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அந்தப் பாவம் உங்கள் பேரில்தான் எழுதப்படும்.

மார்வாவுக்குத் தெரியாது. என் கணவர் கிளீட்டஸ் ஹாஸ்கின்ஸுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் சாகும்வரை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நான் உங்கள் மனைவியாக இருந்தது மூன்று வருஷம் ஏழு மாதம். அவருக்கு மனைவியாக இருந்தது முப்பத்தாறு வருஷம். இந்தக் கணக்கை நீங்களும் மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

உங்களை வரவேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. இரண்டு வருஷமாக மார்வா உங்களுக்காகச் சங்கத்தில் சண்டை போட்டு, கடைசியில் எல்லோரையும் சம்மதிக்க வைத்திருக்கிறாள். உங்கள் இசைத்தட்டு அவளிடம் இருக்கிறது, உறை ஓரமெல்லாம் கிழிந்துபோய். பாத்திரம் கழுவும்போது அதைப் போடுவாள். அந்தப் பாட்டு வந்ததும், "அம்மா, உன் பாட்டு!" என்று கத்துவாள். நானும் சிரிப்பேன். நீங்கள் வராவிட்டால் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே வாருங்கள்.

இரண்டு நிபந்தனைகள். என் வீட்டில் தங்கக் கூடாது. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது கை வந்த கலை. இரண்டாவது, அந்தப் பாட்டைப் பாடக் கூடாது.

வெர்டெல் ஹாஸ்கின்ஸ்


ஸ்பார்டன்பர்க்
20 செப்டம்பர் 1991

அன்புள்ள வெர்டெல்,

கிளீட்டஸ் இறந்துபோனதைக் கேட்டு வருத்தம். உண்மையாகவே சொல்கிறேன். கேட்காமல் இருக்கத் தெரிந்தவர் பெரிய மனிதர்.

முதல் நிபந்தனைப்படி, எனக்குப் பயங்கரமாகக் குறட்டை வரும், விடுதியே நல்லது என்று உன் மகளுக்கு எழுதினேன். திரும்பின தபாலில் பதில்: "எங்க அப்பா விட்ட குறட்டையில் ஜன்னல் அதிரும். அதற்கே பழகினவர்கள் நாங்கள். கவலைப்படாமல் வாருங்கள்." இனி நான் என்ன செய்ய, நீயே சொல். உன் வாய்ச் சாமர்த்தியம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

இரண்டாவதுதான் கஷ்டம். மார்ச் மாதம் எனக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. யாருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. வலது காது மட்டும்தான் கேட்கிறது, அதுவும் பக்கத்தில் வந்து பேசினால். மீதி இருக்கும் இரண்டு விரலை வைத்துக்கொண்டு தடுக்காமல் கிட்டார் வாசிக்க வருவது அந்த ஒரு பாட்டுத்தான். மற்றதெல்லாம் வாசிக்கும்போது எங்கே விழப்போகிறேனோ என்றே இருக்கிறது. அந்தப் பாட்டில் வந்து சேர்ந்தால்தான் மூச்சு வரும். ஜனங்கள் கேட்டு வருவதும் அதைத்தான். பெயரை மாற்றிப் பாடலாமா என்று பார்த்தேன். மார்த்தா என்றால் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. ஜோசஃபீன் என்றால் அடுத்த அடிக்குள் ஓடிவிடுகிறது. வெர்டெல் என்றால்தான் கட்டை விரல் தந்தியில் விழுகிற இடத்தில் சரியாக விழுகிறது.

கோபிக்காதே, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போனது உண்மைதானே? ஐம்பதாம் வருஷம் மார்ச்சில் நான் உனக்கு வாங்கின பழுப்பு நிறச் செருப்போடு வந்து கதவைத் தள்ளினேன். வீட்டில் ஒன்றுமில்லை. இரும்பு அடுப்பு இருந்த இடத்தில் தரையில் அதன் கால்கள் பதிந்த நாலு வட்டம் மட்டும். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் பாட்டாக்கினேன். நடக்காததை ஒன்றும் பாடவில்லை.

எல்பர்ட்


காலவே
28 செப்டம்பர் 1991

எல்பர்ட்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடிக்கும்வரை உட்காரத் தோன்றவில்லை. இனிமேல் உனக்கு நீங்கள், வாருங்கள் எல்லாம் கிடையாது.

நீ நவம்பர் ஐந்தாம் தேதி போனாய். சனிக்கிழமை. "ரெண்டு வாரம், வெர்டெல். கைநிறையத் திரும்பி வரேன்" என்று சொன்னாய். வாசலில் நின்று கையைக் காட்டினேன். அதற்கப்புறம் ஒரு கடிதம் இல்லை, ஒரு ஆள் மூலம் ஒரு வார்த்தை இல்லை. செத்துப் போய்விட்டாயோ என்று டிசம்பரில் இரண்டு தடவை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். ஒரு கறுப்புப் பெண் தனியாக அங்கே போய்க் கேட்பதென்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரியில் விறகு தீர்ந்தது. கட்டில் பலகைகளை ஒவ்வொன்றாக உடைத்து எரித்தேன். நம் கட்டில். கடைசி வாரம் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தேன். பிப்ரவரியில் உன் அண்ணன் லோனி ஒரு ஆளையும் கைவண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இது எங்க தம்பி அடுப்பு. நீ எப்படியும் போயிடுவே. எங்க குடும்பத்துச் சாமான் இங்கேயே இருக்கட்டும்" என்றார். தூக்கிப் போகும்போது அது சூடாகவே இருந்தது; பழந்துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினார்கள். அதற்கு மறுநாள்தான் நான் கிளம்பினேன். பதினாலு வாரம், எல்பர்ட். ஒரு மாவுச் சாக்கில் துணிகளைக் கட்டி நானே தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். உன் பாட்டில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு புதுக் காதலன் வருகிறானே, அவன் யார்? எனக்கும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கேள். அறுபத்தாறாம் வருஷம் நான் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தேன். நானூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறோம், ரேடியோவில் ஒரு கிட்டார். அந்தக் கட்டை விரல் யாருடையது என்று முதல் சுற்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மனசு குளிர்ந்தது, அதை மறுக்க மாட்டேன். உயிரோடு இருக்கிறான், பாடுகிறான் என்று. அப்புறம் நீ பாட ஆரம்பித்தாய்.

வெர்டெல் போயிட்டா, என் வெர்டெல் போயிட்டா,
கொட்டுற பனியில அடுப்பையும் தூக்கிட்டுப் போயிட்டா.

கூட வேலை பார்த்த ஒடெஸ்ஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி வெர்டெல், அடுப்பை எப்படிடீ தூக்கினே? மடியிலயா, தலையிலயா?" சமையலறையே சிரித்தது. நானும் சிரித்தேன். "உலகத்துல எத்தனையோ வெர்டெல் இருக்கா, போங்கடீ" என்றேன். அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷமாக அந்தக் கேலி நிற்கவில்லை. யார் வீட்டில் புது அடுப்பு வாங்கினாலும், "வெர்டெல் கண்ணுல படாம வை" என்பார்கள். என் பேத்தியின் ஞானஸ்நான விருந்தில்கூடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்தேன்.

உன் விரல்களைப் பற்றி வருந்துகிறேன். அது வேறு, இது வேறு.

வெர்டெல்


ஸ்பார்டன்பர்க்
9 அக்டோபர் 1991

வெர்டெல்,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. சின்னதாகத்தான் இருக்கும்.

அட்லாண்டாவில் ஒரு மருந்து விற்கிற கூட்டத்தோடு சேர்ந்தேன். அவர்கள் புட்டியைக் காட்டுவதற்கு முன்னால் நான் வாசித்துக் கூட்டம் சேர்க்க வேண்டும். இரண்டு வாரம் நாலு வாரமாயிற்று. முன்பின் தெரியாதவர்கள் கைதட்டுவது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு பெண்ணும் இருந்தாள். அவள் மேல் குற்றமில்லை, எனக்குக் கல்யாணமானது அவளுக்குத் தெரியாது. செருப்பை நான் வாங்கினது ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில். வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நீ அடுப்பை எடுத்துக்கொண்டு எவனோடோ போய்விட்டாய் என்று என்னிடம் சொன்னதே லோனிதான். அன்று அவன் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து சோள ரொட்டி சாப்பிட்டேன். உள்ளே என்னை விடவில்லை, அண்ணி படுத்திருக்கிறாள் என்றான். அது எந்த அடுப்பில் சுட்ட ரொட்டி என்று இப்போதுதான் புரிகிறது. அவன் செத்துப் பதினாறு வருஷம் ஆயிற்று. திட்டக்கூட ஆளில்லை.

ஆனால் லோனி சொன்னதை நம்பினது நான். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பாடப் பாட அதுவே நடந்தது மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பாட்டைப் பாட மாட்டேன். காலவேயில் மட்டுமல்ல.

எல்பர்ட்


காலவே
17 அக்டோபர் 1991

எல்பர்ட்,

கடிதம் வந்தது. மார்வா உன்னை இரண்டு மணிப் பேருந்துக்கு வந்து கூப்பிடுவாள். பச்சைக் கோட்டுப் போட்டிருப்பாள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, தடிப்பாக ஏதாவது போட்டுக்கொண்டு வா. தையல் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போடச் சொல்லி மார்வா காலையிலிருந்து உயிரை வாங்குகிறாள். போட்டிருக்கிறேன்.

கூடத்துக்கு நான் வருவேனா என்று தெரியாது. எதிர்பார்க்காதே.

வெ.


ஸ்பார்டன்பர்க்
30 அக்டோபர் 1991

அன்புள்ள வெர்டெல்,

சேர்ந்துவிட்டேன். வழியெல்லாம் மழை. நீ கட்டிக்கொடுத்த வறுத்த கெளுத்தி மீனை வெர்ஜீனியா தாண்டுவதற்குள் தின்று தீர்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மணத்தைப் பிடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு துண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

ஞாயிறு காலையில் உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. காப்பியை வைத்துவிட்டு ஆலயத்துக்குக் கிளம்பிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். மேடையிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியை நீ சொல்ல வேண்டும்.

எனக்குக் காது கேட்காது என்று மார்வாவிடம் பேருந்து நிலையத்திலேயே சொல்லிவிட்டேன். "கவலையே படாதீங்க ரக்கர் சார், நான் உங்க பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன். யார் என்ன கேட்டாலும் காதுல சொல்றேன்" என்றாள். அப்படியே என் வலது பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நூறு பேர் இருப்பார்கள். இரண்டாவது வரிசையில் தொப்பி வைத்த பெண்களைப் பார்த்ததும் உங்கள் பாடகர் குழு என்று தெரிந்தது. உன்னைத் தேடினேன். காணவில்லை. மனசைத் தேற்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

மூன்றாவது பாட்டில் கை நின்றுவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். எப்படியோ ஓட்டினேன். பதினோரு பாட்டு ஆனதும் எழுந்து தலைவணங்கினேன். அப்போது மார்வா சிரித்துக்கொண்டே காதில், "எல்லாரும் வெர்டெல் வெர்டெல்னு கத்தறாங்க. அதைப் பாடாம விடமாட்டாங்க போலிருக்கு" என்றாள்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். எனக்குப் பேச்சு வராது, வெர்டெல், பாட்டுத்தான் வரும். இருந்தாலும் சொன்னேன்: "அந்தப் பாட்டு பொய். வீட்டை விட்டுப் போனது அவ இல்லை, நான். ஒரு நல்ல மனுஷியோட பேரை வச்சு இருபத்தொம்பது வருஷமா நான் பொய் பாடிட்டேன். இனிமே பாட மாட்டேன். மன்னிச்சுக்குங்க." பிறகு யாரோ ஏதோ சொன்னார்கள், கூடம் சிரித்தது. மார்வாவைப் பார்த்தேன். "பொய்யா இருந்தா என்ன, நல்லாத்தானே இருக்கு, பாடுங்கன்னு ஒருத்தர் சொல்றார்" என்றாள்.

அப்போதுதான் காப்பிப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து நீ எழுந்தாய். நீல உடை. கையில் கரண்டி. உன் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, வார்த்தை வந்து சேரவில்லை. மார்வா என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "எங்க அம்மா..." என்று ஆரம்பித்தாள். "பாடச் சொல்றாங்க. தப்பு வர்ற இடத்துல அவங்க சொல்றாங்களாம்."

நான் வாசித்தேன். அடுப்பு வரியைப் பாடி நிறுத்தினேன். மார்வா காதில், "அடுப்பை உங்க அண்ணன் லோனிதான் தூக்கிட்டுப் போனாராம்." கூடம் இடிந்து விழுகிறமாதிரி சிரித்தது, அது எனக்கே கேட்டது. தொப்பி வைத்த பெண் ஒருத்தி எழுந்து நின்று கையை ஆட்டினாள். நான் அப்படியே பாடினேன்:

வெர்டெல் தூக்கலை, என் அண்ணன்தான் தூக்கினான்,
சூடு ஆறலை, துணியைச் சுத்தித் தூக்கினான்.

பெட்டி தூக்கின காதலன் வரி வந்தது. "பெட்டியே இல்லையாம். மாவுச் சாக்காம். தானே தூக்கினாங்களாம்." அதையும் பாடினேன். அப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அடுத்தது கட்டில் பலகை. மார்வா அதைச் சொல்லும்போது, "சொல்றாங்க" என்பதை விட்டுவிட்டாள். "கட்டிலை உடைச்சு எரிச்சியா அம்மா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டாள். நீ ஏதோ சொன்னாய். அவள் திரும்பி என் காதில் சொல்ல வந்தாள். என் முட்டியில் கையை வைத்துக்கொண்டு இரண்டு தடவை முயன்று, "பதினாலு வாரம்" என்று மட்டும் சொன்னாள்.

அதை நான் மூன்று முறை பாடினேன். அதன் பிறகு எதுவும் பாட வரவில்லை. கட்டை விரல் மட்டும் அதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. தப்பாக வாசித்தேனா சரியாக வாசித்தேனா தெரியாது.

சாப்பாட்டு மேசையில் மார்வா என் தட்டில் கீரையைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குக் கவலை. எழுது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே எனக்கு யாருமில்லை. கை இப்படி ஆனபின் வெளியூருக்குப் போவது இன்னும் ஒரு வருஷமோ என்னவோ. உன் தையல் அறையில் காலையில் வெயில் கட்டில்மேல் விழுகிறது. அங்கே கண் விழித்தபோது, இந்த இடத்தில் இருந்துவிடலாம் என்று தோன்றியது. பழையதைக் கேட்கவில்லை, அதற்கு எனக்கு வாயில்லை. ஒரு ஓரமாக. விறகு பிளக்க முடியாது, ஆனால் பாத்திரம் கழுவுவேன். யோசித்துச் சொல். வேண்டாம் என்றாலும் அதை நீயே எழுது, மார்வாவை எழுதச் சொல்லாதே.

உன்
எல்பர்ட்


காலவே
11 நவம்பர் 1991

அன்புள்ள எல்பர்ட்,

உடனே பதில் எழுதாததற்கு வருந்தாதே. தினமும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உனக்குக் கேட்காமல் போனது. மூன்றாவது பாட்டில் உன் கை நின்றபோது, அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாய். நீ வேண்டுமென்றுதான் நிறுத்தினாய் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். பின்னால் இருந்த நான் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கையால் தூக்கிவிட முடிந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.

பொய்யாயிருந்தால் என்ன என்று கத்தினது குழாய் ரிப்பேர் செய்யும் டன்ஃபி. நல்ல மனிதர்தான், எங்கள் வீட்டுக் குழாயெல்லாம் அவர் போட்டது. அன்றைக்கும் நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். பழக்கம். சிரிப்பு வரவில்லை. அதற்குப் பதில், "பொய் வேணாம். உண்மையைப் பாடட்டும், நான் சொல்றேன்" என்று வந்துவிட்டது. என் காதுக்கே அது யாரோ பேசினதுபோல் இருந்தது. எழுந்து நின்று கையை ஆட்டினவள் ஒடெஸ்ஸா. "சொல்லுடீ வெர்டெல், விடாதே, சொல்லு!" என்று ஆலயத்தில் கத்துகிற மாதிரியே கத்தினாள். பதினாலு வாரம் வந்தபோது அவளும் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஆலயத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "அடுப்பு அடுப்புனு உன்னை எத்தனை வருஷம் படுத்திட்டேன்டீ" என்று அழுதாள். "விடு, எனக்கும் பழகிப்போச்சு" என்றேன். "பழகலைடீ, நீ நடிச்சே" என்றாள். அவளுக்கு இருக்கிற மூளைக்கு அவள் சமையலறையில் கிடந்திருக்க வேண்டியவளே இல்லை.

மார்வா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அந்தப் பாட்டு வரும்போது அப்பா ரேடியோவை அணைக்கல?"

"நான்தான் சிரிச்சுக்கிட்டிருந்தேனே."

அவள் ஒரு தட்டையே ரொம்ப நேரம் தேய்த்தாள். அப்புறம், "நூறு பேருக்கு நடுவுல, என் வாயாலயே சொல்ல வச்சு எனக்குச் சொல்லணுமா? வீட்டுல வச்சு சொல்லக் கூடாதா?" என்று சண்டைக்கு வந்தாள். நியாயமான சண்டை. எனக்கு அன்றைக்கு அப்படித்தான் சொல்ல வந்தது என்றேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், பாதியில் சிரித்துவிட்டோம், ஏனென்றால் குழாயை மூடாமல் விட்டுத் தரையெல்லாம் தண்ணீர். அவளுக்கு உன்மேல் கோபமா என்று கேட்டாய். இருக்கிறது. ஆனால் உனக்குக் குளிருமே என்று ஒரு கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறாள், விரல் நுனி இல்லாமல், வாசிக்க வசதியாக. அவள் கோபம் அப்படிப்பட்டது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

முடியாது, எல்பர்ட். இதை நானே எழுதுகிறேன். உன்னை வெறுத்து எழுதவில்லை. வெறுப்பு இருந்தது, அது அந்தக் கூடத்தில் நீ அதே வரியை மூன்றாவது முறை பாடினபோது எங்கோ போய்விட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் இந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளையின் காலடிச் சத்தம் கேட்டால் அது கிளீட்டஸ் என்றுதான் என் காது இன்னும் நினைக்கிறது. நீ இங்கேயே இருந்தால் அவர் வேறு எங்கே போவார்? இன்னொன்றும் உண்டு. நீ நல்லவனாகவே இருந்தாலும், கடைக்குப் போய்த் திரும்ப அரை மணி தாமதமானால் நான் வாசலுக்கு வந்து நிற்பேன். எனக்கு அறுபத்தேழு வயது. இனிமேல் அப்படி நிற்க எனக்குத் தெம்பில்லை.

பாட்டை விட்டுவிடாதே. அன்று பாடின மாதிரியே பாடு, எங்கே போனாலும். உன் விரலுக்கு அது ஒன்றுதானே பிடிகொடுக்கிறது. என் பெயரும் அதிலேயே இருக்கட்டும். போன வாரம் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண், "நீங்கதானே வெர்டெல்?" என்று கேட்டாள். "ஆமாம், நான்தான்" என்று சொன்னேன். அப்படிச் சொல்ல நன்றாக இருந்தது.

ஏப்ரலில் ஈஸ்டருக்கு எங்கள் பாடகர் குழு பாடுகிறது. அப்போது வா. ஒரு வாரம் இரு. தையல் அறை காலியாகத்தான் இருக்கும். ஒடெஸ்ஸா உன்னை நேரில் திட்ட வேண்டும் என்று இப்போதே வரிசையில் நிற்கிறாள்.

ஆனால் ஒன்று. பேருந்துச் சீட்டு வாங்கும்போது, திரும்பிப் போவதற்கும் சேர்த்து வாங்கிக்கொள். வாங்கினதும் என்றைக்குப் போகிறாய் என்று எனக்கு எழுதிவிடு. நீ வருகிற தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போகிற தேதி எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால், அந்த ஏழு நாளும் நான் உனக்கு நிம்மதியாகச் சமைத்துப் போடுவேன்.

கையைக் குளிரில் வைக்காதே.

வெர்டெல்